சிலி நாட்டு மாப்புதுங்குன் மொழியில நம்ம "ழ" இருக்காமே, உண்மையா?

தேக்கா_சுரேஷ்:

வணக்கம் மக்களே. இந்தப் பக்கம் வந்து படிச்சுட்டு சத்தமில்லாம போயிடுற ஆளு நான். இன்னிக்கு கேக்க ஒண்ணு இருக்கு, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

எங்க டீம்ல சிலி நாட்டுக்காரர் ஒருத்தர் ரெண்டு வருஷமா இருக்காரு. போன சனிக்கிழமை அவரை இங்க சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்கு கூட்டிட்டுப் போனேன், ஆப்பம் சாப்பிட்டு கோப்பி ஓ குடிச்சுட்டு கீழ பழக்கடைக்கு வந்தோம். கடைக்கார அக்காகிட்ட "வாழைப்பழம் ஒரு சீப்பு எவ்ளோக்கா"ன்னு கேட்டேன், பின்னால நின்னவரு தோளைத் தட்டி அந்த மொத வார்த்தையை திரும்பச் சொல்லுன்னாரு. சொன்னேன். மெதுவா சொல்லுன்னாரு. வா... ழை... ப்... ப... ழம். மனுஷனுக்கு முகமே மாறிப்போச்சு. அவங்க பாட்டி வீட்டை "ழுகா"ன்னு சொல்லுவாங்களாம், அதுல முதல்ல வர்ற சத்தம் இதேதானாம். பாட்டி பேசினது மாப்புச்சே மக்களோட மொழி, பேரு மாப்புதுங்குன். ஊரு தெமுக்கோ பக்கம். இவருக்கு அந்த மொழி வராது, ஒரு பத்து வார்த்தை தெரியும், அதுல ஒண்ணு "கிம்லான்", அதுக்கு அர்த்தமே "எனக்குத் தெரியாது"ங்குறதாம். நான் எது கேட்டாலும் கிம்லான், கிம்லான்னு சொல்லிட்டு சிரிக்கிறாரு.

என் கேள்வி என்னன்னா, ழ தமிழுக்கு மட்டுமே உள்ள சிறப்புன்னு சின்ன வயசுல இருந்து சொல்லிச் சொல்லி வளத்தாங்க, பேச்சுப்போட்டியில நானே அதை வச்சு கைதட்டு வாங்கியிருக்கேன். அப்ப அது பொய்யா? இல்ல இவரு காதுல அப்படி விழுந்துச்சா? அந்த மொழியோட இலக்கணம் எப்படி, நமக்கு வசப்படுமா? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, திங்கக்கிழமை போய் அவருகிட்ட கொஞ்சம் படம் காட்டணும்.

மீனா_செங்காங்:

சுரேஷ் தம்பி, உங்க நண்பருக்கு நல்ல காது. நான் மொழியியல் படிச்சவ, இப்ப வேலை வேற, ஆனா இந்த மொழியை ஒரு செமஸ்டர் முழுக்க வச்சு மாரடிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

மொதல்ல ழ. நாக்கு நுனியை மேல வளைச்சு, எங்கயும் ஒட்டாம காத்தை விடுறோம்ல, மாப்புதுங்குன்ல ஸ்பானிஷ் "ர" எழுத்தைப் போட்டு எழுதுறாங்களே, அது பலரோட வாயில இதே சத்தம்தான். சில பேரு கொஞ்சம் உரசலோட சொல்லுவாங்க, ழவும் ஷவும் கலந்த மாதிரி. ழ தமிழுக்கு மட்டும்னு சொல்றதை விட்டுருங்க, மலையாளத்துல இருக்கு, அவ்வளவு தூரம் எதுக்கு, பக்கத்து வீட்ல இருக்கு. நல்லா மாண்டரின் பேசுற யாரையாவது கூப்பிட்டு "சூடு"ங்குறதுக்கு சீனத்துல என்னன்னு கேளுங்க, அந்த வார்த்தை தொடங்குறதே ழவுக்கு ரொம்ப பக்கத்துல. எங்க ஆபீஸ்ல ஒரு சீனப் பொண்ணு "பழம்"னு சொன்னா, நம்ம பிள்ளைங்க "பளம்"னு சொல்லுது.

ஆனா தம்பி, ழவைப் பாத்துட்டு நிக்கிறீங்க, அதை விட பெரிய விஷயம் பின்னால இருக்கு. மூக்குச் சத்தம். நமக்கு ங ஞ ண ந ம ன ஆறு. அவங்களுக்கு ண தவிர மிச்ச அஞ்சும் இருக்கு. அஞ்சும்! ந வேற ன வேற. நாக்கை பல்லுல வச்சா ஒரு அர்த்தம், பல்லுக்கு மேல ஈறுல வச்சா இன்னொரு அர்த்தம். "முநா"ன்னு பல்லுல வச்சு சொன்னா அப்பா வழி ஒறவுல ஒரு பையன், "முனா"ன்னு ஈறுல வச்சா "போதும்". ஸ்கூல்ல "இது ரெண்டு சுழி ன, அது தந்நகரம்"னு ஸ்பெல்லிங் பாடமா படிச்சோமே ஒழிய யாராவது நமக்கு அது வாயில வேற வேற இடம்னு சொல்லிக்குடுத்தாங்களா? தொல்காப்பியம் ரெண்டுக்கும் தனித்தனி இடம் சொல்லுது. நாமதான் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டோம். பிழைச்சுப்போறோம், ஏன்னா தமிழ்ல ந பெரும்பாலும் வார்த்தை முதல்ல வரும், இல்லன்னா த பக்கத்துல வரும், ன மத்த இடத்துல வரும், குழப்பிக்கிட்டாலும் பெருசா அர்த்தம் மாறாது. அவங்களுக்கு மாறும்.

லவும் அப்படித்தான், பல்லு ல ஒண்ணு, ஈறு ல ஒண்ணு, ஸ்பானிஷ்ல இருக்கே அந்த இரட்டை எல் மாதிரி அண்ணத்துல சொல்றது ஒண்ணு. தவும் அப்படியே, பல்லுல ஒண்ணு, ஈறுல ஒண்ணு.

அப்புறம் ங. ஔவையார் "ஙப்போல் வளை"ன்னு சொன்னதோட நம்ம ங வேலை முடிஞ்சுது, "அங்ஙனம்" தவிர தனியா எங்க வருது சொல்லுங்க. அவங்க அதை வார்த்தை முதல்லயே போடுவாங்க. நரிக்கு "ஙுழு"ன்னு பேரு. ஙவும் ழவும் ஒரே வார்த்தையில! அந்த உகரமும் நம்ம "காத்து" "பாட்டு" கடைசியில வாயைக் குவிக்காம சொல்றோமே, அந்த குற்றியலுகரம் ஜாடைதான், அதுக்குன்னு தனியா ஆறாவது உயிரெழுத்தே வச்சிருக்காங்க. ங முதல்ல வர்றது சிங்கப்பூர்க்காரங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல, எங்க புளோக்ல தபால் பெட்டி பாத்தா பாதி வீட்டுக்காரங்க குடும்பப் பேரே "ங்" தான்.

மொழிப்பேர்ல வர்ற "து" கூட "அது"ல நாம மெத்துன்னு சொல்ற து. ப த க வுக்கு கனத்த ஜோடி கிடையாது, அதாவது பம்பாய்ல வர்ற ப, டமாரத்துல வர்ற ட, அதெல்லாம் இல்ல. "மாப்பு"ன்னா நிலம், "துங்குன்"னா பேச்சு. "சே"ன்னா ஆளுங்க. நிலத்தோட பேச்சு, நிலத்தோட மக்கள்.

இலக்கணம் ராத்திரி வந்து எழுதுறேன், இப்ப மீட்டிங்.

ஆதித்தமிழன்_76:

இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? மாப்பு = மா + பூமி. சே = சேய். சூரியனுக்கும் பகலுக்கும் அவங்க மொழியில "அன்ட்டு", அது அப்படியே நம்ம "அன்று". கடல்கோள்ல தப்பிச்ச தமிழன் கப்பலேறி தென்னமெரிக்கா போனான்னு எப்பவோ சொல்லிட்டாங்க. ஆராய்ச்சியாளர்கள் மறைக்கிறாங்க, அவ்வளவுதான்.

புக்கிட்பாஞ்சாங்_பாலா:

வந்துட்டாருய்யா. அண்ணே போன வாரம் கொரியாவையும் ஜப்பானையும் வாங்கிப்போட்டீங்க, இப்ப சிலியா 😄

மீனா_செங்காங்:

ஆதித்தமிழன் அண்ணே, சண்டைக்கு வரல, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். "அன்று"ல அ தனி, சுட்டெழுத்து. அ-ன்று, இ-ன்று, எ-ன்று. அதை எடுத்துட்டு "இ" போட்டா "இன்று" ஆகுது. அவங்க "அன்ட்டு"ல அந்த அவை எடுத்துட்டு வேற எதையும் மாட்ட முடியாது, அது மொத்தமா ஒரே வேர். வார்த்தை ஜாடை ஒத்துப்போறதை வச்சு ஒறவு கொண்டாடினா உலகத்துல எந்த ரெண்டு மொழிக்கும் கல்யாணம் பண்ணி வச்சிரலாம். மாப்புதுங்குனுக்கு இதுவரைக்கும் நிரூபிச்ச சொந்தக்காரங்க யாருமில்ல, தனிமரம். ஒரே வாய், ஒரே நாக்கு, ஒரே பல்லு, அதனால தூரத்துல இருக்குற ரெண்டு ஊரு ஒரே சத்தத்துக்கு வந்து சேரலாம், அவ்வளவுதான் விஷயம்.

ஆனா உங்களுக்கு ஒரு மிட்டாய் தர்றேன், இதை ஒறவுன்னு எழுதிட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வாங்கிக்கோங்க. நாம கேள்விப்பட்ட சேதியை சொல்லும்போது "வந்தானாம்" "போச்சாம்"னு ஒரு "ஆம்" ஒட்டுறோம்ல. அவங்களும் வினைக்குள்ளயே ஒண்ணு ஒட்டுவாங்க. "அக்குய்"னா வந்தான், வந்தாள், வந்தது எல்லாம் ஒண்ணுதான், ஆண்பால் பெண்பால் கிடையாது. "அக்குழ்கேய்"னா வந்தானாம். அதே "ழ்கே"வை எதிர்பாக்காம ஒருத்தர் வந்து நின்னா முகத்துக்கு நேராவும் சொல்லுவாங்க, "அட, வந்துட்டியா!"ங்குற தொனியில. நம்ம ஆம் அந்த வேலை செய்யாது. இது போக அவங்க நரிக்கதை சொல்லும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் "பியாம்"னு போட்டுக்கிட்டே போவாங்க, "சொல்றாங்க"ன்னு அர்த்தம். பின்னா சொல்றது. பியாம்! ஒரு ஊர்ல ஒரு நரியாம்னு எங்க ஆயா கதை ஆரம்பிக்கிறது அப்படியே காதுல கேட்டுச்சு எனக்கு, முதல் தடவை படிச்சப்ப லைப்ரரியில தனியா உக்காந்து சிரிச்சேன்.

சரி, இலக்கணம். ஒட்டுநிலை மொழி, நம்மளை மாதிரி வினைக்குப் பின்னால வண்டி கோத்துக்கிட்டே போகும். "அமு" போ. "அமுன்" போனேன். "அமுய்மி" போனே. "அமுலயான்" போகமாட்டேன், லங்குறது இல்லை, யாங்குறது இனிமே நடக்கப்போறது, ன் நான். சுரேஷ் தம்பி நண்பர் சொல்ற கிம்லான்லயும் அதே லதான், கிம் தெரி, ல இல்லை, ன் நான். பாருங்க, பத்து வார்த்தையில ஒண்ணு தெரிஞ்சாலே எதிர்மறை இலக்கணம் கைக்கு வந்திருச்சு.

கடைக்குப் போய் ரொட்டி வாங்குறேன்னு சொல்ல அவங்களுக்கு ஒரே வார்த்தை போதும்: "ஙில்லகொஃப்கெமெயான்". ஙில்ல வாங்கு, கொஃப்கே ரொட்டி, மெ "போய்", அப்புறம் எதிர்காலம், கடைசியில நான். ரொட்டி வினைக்குள்ளயே போய் உக்காந்திருக்கு. "மெ"ன்னா இங்கருந்து போய் செய்யுறது, அதுக்குப் பதிலா "பா" போட்டா இங்க வந்து செய்யுறது. இப்படி ஒட்டுற இடங்களை ஒவ்வொண்ணா எண்ணினவங்க 30க்கு மேல கணக்கு வச்சிருக்காங்க.

வேற்றுமையில மட்டும் சோம்பேறிங்க. நாம ஐ, ஆல், கு, இன், அது, கண்னு மனப்பாடம் பண்ணி அடி வாங்கினோம். அவங்களுக்கு "மெவ்"னு ஒண்ணு போதும். ழுகா மெவ்னா வீட்டுல, வீட்டுக்கு, வீட்டுலருந்து, எதுவா வேணா இருக்கலாம், வினையைப் பாத்து புரிஞ்சுக்கணும்.

எண்ணு கேட்டா உங்களுக்கு பிடிக்கும். மாழி பத்து, எப்பு ரெண்டு. மாழி எப்பு பன்னிரண்டு. எப்பு மாழி இருபது. நம்ம பத்து+இரண்டு, இரு+பத்து கணக்குதான். "மாழி மாழி"ன்னா வணக்கம், ஏன் பத்து பத்துன்னு வணக்கம் சொல்றாங்கன்னு ஆளுக்கொரு கதை வச்சிருக்காங்க.

தேக்கா_சுரேஷ்:

அக்கா, கைகூப்பி வணங்குறேன். ஙுழுன்னு வாய்விட்டு சொல்லிப் பாத்தேன், எம்ஆர்டி ரயில்ல பக்கத்துல உக்காந்திருந்த அம்மா எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க.

நாம், நாங்கள் மாதிரி பிரிப்பு உண்டா அங்க? மலாய்ல கித்தா, காமி இருக்குற மாதிரி?

மீனா_செங்காங்:

இல்ல தம்பி, அது இல்ல. ஆனா அதுக்குப் பதிலா இருமை இருக்கு. நான், நாம ரெண்டு பேரு, நாம பல பேரு. இஞ்சே, இஞ்சியு, இஞ்சிஞ். நீ, நீங்க ரெண்டு பேரு, நீங்க எல்லாரும். எய்மி, எய்மு, எய்முன். சமஸ்கிருதம் படிச்சவங்களுக்கு பழக்கமா இருக்கும், தமிழுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

இந்த இருமையை வச்சு அவங்க ஒரு வேலை பண்ணுவாங்க, நான் அந்த செமஸ்டர் முழுக்க உக்காந்து யோசிச்சது இது ஒண்ணைத்தான், அதனால இங்க கொஞ்சம் நிக்கிறேன். "பெ"ன்னா பாரு. "பெஃபிஞ்"னா நான் அவனைப் பாத்தேன். இப்ப அவன் என்னைப் பாத்தான்னு சொல்லணும். தமிழ்ல என்ன பண்ணுவோம், பாத்தவன் அவன், அதனால வினை "பாத்தான்"னு அவன் பக்கம் சாஞ்சிரும். அவங்க "நான்"ங்குறதை விட்டுக்குடுக்க மாட்டாங்க. நான் கதையில இருந்தா வினையோட முடிவு என் பேர்லதான். "பெயெநெவ்". நடுவுல இருக்குற "எ" என்ன சொல்லுதுன்னா, பார்வை திரும்பி வருது, நான் பாக்கல, என்னைப் பாத்தாங்க. நானும் நீயும் மேல, மத்தவங்க கீழ, அந்த வரிசையில மேல இருக்குறவங்க கீழ இருக்குறவங்களுக்கு பண்ணினா நேர் வழி, கீழருந்து மேல வந்தா எதிர் வழி, எ போடணும்.

இப்ப நான் உன்னைப் பாத்தேன். இதுல நானும் இருக்கேன், நீயும் இருக்கே. என்ன முடிவு போடுவாங்க? "பெயெயு". அந்த "யு" ஏதுன்னா, "நாம ரெண்டு பேரு"ங்குறதுக்கு வினையில வர்ற முடிவு அதேதான். அமுயுன்னா நாம ரெண்டு பேரும் போனோம். அதாவது நான் உன்னைன்னு சொன்னா அதுல மொத்தம் எத்தனை பேருன்னு தலையை எண்ணுவாங்க. ரெண்டுன்னா ரெண்டுக்கான முடிவு. நான் உங்க எல்லாரையும், நாங்க உன்னைன்னு ரெண்டுக்கு மேல போச்சுன்னா பல பேருக்கான முடிவு. பாக்குறவன் எத்தனை, பாக்கப்பட்டவன் எத்தனைன்னு தனித்தனியா சொல்றதில்ல, கூட்டுத்தொகைதான்.

"அயுயெயு"ன்னா உன்னை காதலிக்கிறேன். அதுலயும் கடைசியில யு.

புக்கிட்பாஞ்சாங்_பாலா:

அக்கா, ஒருதலைக் காதல்னாலும் அதே யு தானா

மீனா_செங்காங்:

ஆமாம்பா, இலக்கணம் அவ பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்காது 😂

யாழ்ப்பேத்தி:

மீனா அக்கா எழுதினதில ஈறு த, பல்லு த எண்டு ஒண்டு இருந்தது, அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எங்கட அம்மம்மா யாழ்ப்பாணம், நான் பிறந்து வளர்ந்தது இங்க சிங்கப்பூர்தான். அம்மம்மா "காற்று" எண்டு சொல்லேக்க அந்த ற்று ஈறில நிண்டு வரும், இங்கிலீஷ் "டீ" குடிக்கிற டீ மாதிரி. இங்க என்ர ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "காத்து", பல்லில. "நேற்று" "நேத்து" அதே கதை. பத்து வயசில நான் பள்ளிக்கூடத்தில "காற்று" எண்டு அம்மம்மா மாதிரி வாசிச்சதுக்கு வகுப்பே சிரிச்சது, இங்கிலீஷ் ஸ்டைல் காட்டுறா எண்டு. அதுக்குப் பிறகு நானும் காத்து எண்டுதான் சொல்லுறன். இப்ப அம்மம்மா இல்லை, அந்த சத்தம் எனக்கு வரும், ஆனா யோசிச்சு வரவைக்க வேணும்.

அங்கயும் இளம் ஆக்கள் அந்த வித்தியாசத்தை விட்டிட்டினமா?

மீனா_செங்காங்:

விட்டுட்டாங்கம்மா, பல ஊர்ல. ஸ்பானிஷ்ல ந, ன பிரிப்பு கிடையாது, பல்லு ல, ஈறு ல பிரிப்பும் கிடையாது. ஸ்பானிஷ்லயே வளர்ற பிள்ளை பாட்டி பேசுறதைக் கேக்கும்போது ரெண்டும் ஒண்ணாத்தான் விழும். எழுத்துலயும் சில முறையில அடியில ஒரு கோடு போட்டு பிரிப்பாங்க, அவசரத்துக்கு டைப் பண்றவங்க அந்தக் கோட்டை முதல்ல விட்டுருவாங்க.

உங்க அம்மம்மா சொன்ன ற்று இருக்கே, தமிழ்நாட்டுல கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் கேக்கலாம். அந்த வகுப்புல சிரிச்சாங்களே, அவங்க சார்பா நான் மன்னிப்பு கேக்குறேன்.

குமார்_கோட்:

எழுத்துன்னு சொன்னதும் வந்துட்டேன், நான் மென்பொருள் ஆளு. இந்த மொழிக்கு எழுத்து முறையே மூணு இருக்கு, ழாகிலேயோங்குறவர் பேர்ல 1982ல வந்தது ஒண்ணு, 1986ல மொழியியல்காரங்க கூடி வச்ச ஒருங்கிணைந்த முறை ஒண்ணு, அரசு பழங்குடி அமைப்பு ஆதரிக்கிற அசும்செஃபே ஒண்ணு. மொழிப்பேரையே ஒண்ணுல டி போட்டு எழுதுவாங்க, ஒண்ணுல இசட் போட்டு எழுதுவாங்க. 2006ல மைக்ரோசாஃப்ட் விண்டோஸை மாப்புதுங்குன்ல கொண்டுவந்தப்ப மாப்புச்சே தலைவர்கள் சிலர் எங்களைக் கேக்காம எங்க மொழியை எப்படி எடுப்பீங்கன்னு வழக்கு வரைக்கும் போனாங்க. வெளிய இருந்து பாக்குறவங்க "இலவசமா மொழிபெயர்த்துக் குடுத்தா கோவப்படுறாங்களே"ன்னு நினைச்சாங்க. நம்ம ஆளுங்களுக்குப் புரியும். ஆளுக்கொரு ஃபாண்ட், ஆளுக்கொரு கீபோர்டு வச்சுக்கிட்டு ஒருத்தர் அனுப்பின மெயில் இன்னொருத்தருக்கு கட்டம் கட்டமா தெரிஞ்ச காலத்துல, 1997ல தமிழிணைய மாநாடு இங்க சிங்கப்பூர்லதானே நடந்துச்சு. எழுத்தை யாரு முடிவு பண்றதுங்குற சண்டை சாதாரண சண்டை இல்ல.

தோபாயோ_தாத்தா:

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, நான் சத்தம் இலக்கணமெல்லாம் படிச்சவன் இல்லை. 78 வயசு, துறைமுகத்துல வேலை பாத்தவன். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அந்த மக்கள் எத்தனை பேரு? ஏன் பேச்சு போச்சு?

மீனா_செங்காங்:

ஐயா, ஆளுங்க குறைவில்ல. சிலியில 2017 கணக்கெடுப்புல மாப்புச்சேன்னு சொல்லிக்கிட்டவங்க 17 லட்சத்துக்கு மேல. இங்க இருக்குற தமிழங்களை விட பல மடங்கு. அர்ஜென்டினா பக்கமும் இருக்காங்க. ஆனா மொழியைப் பேசுறவங்க அதுல ஒரு சின்னப் பங்குதான், அதுலயும் வயசானவங்கதான் அதிகம்.

ஸ்பெயின்காரன் கிட்டயே தோக்காதவங்க ஐயா இவங்க. 1598ல குழலாபாங்குற இடத்துல ஸ்பெயின் கவர்னரையே வீழ்த்தி, அப்புறம் பீயோபீயோ ஆறுதான் எல்லைன்னு 1641ல உக்காந்து பேசி ஒத்துக்க வச்சாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நூற்றாண்டுக்கு மேல அந்த ஆத்துக்குத் தெற்கே இவங்க மொழிதான். 1606லயே லூயிஸ் தெ வால்திவியாங்குற சேசு சபைப் பாதிரியார் இந்த மொழிக்கு லீமாவுல இலக்கணம் அச்சடிச்சாரு, நம்ம ஊருக்கு வந்து 1578ல தம்பிரான் வணக்கம் அச்சடிச்ச ஹென்றிக்கஸ் பாதிரியாரும் அதே சபைதான். சாமி கும்புட வைக்கணும்னா மொழி படிச்சே ஆகணும், அந்த நிலைமையில இருந்தாங்க.

உடைஞ்சது சிலி தனி நாடான பிறகு. 1861லருந்து 1883க்குள்ள ராணுவம் நுழைஞ்சு நிலத்தை எடுத்து, மிச்சத்தை துண்டு துண்டா குடுத்து ஒதுக்கிட்டாங்க. "மாப்பு" போச்சு, "துங்குன்" தடுமாறிச்சு. அப்புறம் ஸ்கூலு. பாட்டி மொழியைப் பேசினா அடி, கிண்டல். வேலை தேடி சாந்தியாகோவுக்குப் போனவங்க பிள்ளைங்ககிட்ட ஸ்பானிஷே பேசிட்டாங்க, நம்ம பட்ட கஷ்டம் இதுங்க படவேணாம்னு.

தோபாயோ_தாத்தா:

அந்தக் கடைசி வரி. அதை யாரும் அடிச்சு செய்ய வைக்கலை பாத்தியாம்மா.

இங்க நமக்கு தமிழ் ஆட்சிமொழி, ஸ்கூல்ல பாடம், ரேடியோ, டிவி, எம்ஆர்டியில அறிவிப்பு எல்லாம் இருக்கு. 2020 கணக்குல வீட்டுல அதிகமா தமிழ் பேசுறோம்னு சொன்னவங்க 2.5 சதவீதம். அதுக்கு முன்னால பத்து வருஷம் அதை விடக் கூட. என் பேரன் என்கிட்ட "தாத்தா, சாப்டியா"ங்குறான், அதுக்கு மேல இங்கிலீஷ். அவன் நல்ல பிள்ளை. நான்தான் அவங்கப்பனுக்கு இங்கிலீஷ் வரணுமேன்னு ராத்திரி பகலா நின்னேன்.

மீனா_செங்காங்:

ஐயா, பேரன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு ஒண்ணு சொல்லணும். பேரன்னா பெயரன், தாத்தா பேரை சுமக்குறவன். மாப்புதுங்குன்ல அப்பாவோட அப்பாவுக்கு "லாக்கு"ன்னு பேரு. அந்தத் தாத்தாவும் பேரனை லாக்குன்னேதான் கூப்பிடுவாரு. ரெண்டு பக்கமும் ஒரே வார்த்தை. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற சடங்குக்கு "லாக்குத்துன்". அம்மாவோட அப்பாவுக்கு வேற வார்த்தை. தாய்மாமனுக்கு "வெக்கு", அத்தைக்கு "பாலு", அப்பா கூடப்பிறந்தவருக்கு "மல்லே"ன்னு தனித்தனியா வச்சிருக்காங்க, எல்லாரையும் அங்கிள் ஆன்ட்டியில அடைக்கிற பழக்கம் இல்ல. பிள்ளையைக் கூப்பிடுறதுல கூட, அப்பா "மகன்"னு சொல்ற வார்த்தையை அம்மா சொல்லமாட்டாங்க, அம்மாவுக்கு பையன் பொண்ணு ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, "புஞ்ஞெஞ்".

கொஞ்சிப் பேசுறதும் உண்டு ஐயா. நாம "செல்லம்"ங்குறதை "தெல்லம்"னு குழைப்போம்ல, சவை தவாக்கி. அவங்க தலைகீழ். பொண்ணுக்கு "தோமோ"ன்னா, அதையே பிரியமா "ஷோமோ"ம்பாங்க.

ஆதித்தமிழன்_76:

லாக்கு, பேரன் ரெண்டும் ஒரே வழக்கம்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. சத்தியம் பண்ணியிருக்கேன்.

தேக்கா_சுரேஷ்:

திங்கக்கிழமை கதை சொல்லணும்ல.

மீனா அக்கா எழுதினதெல்லாம் நண்பர்கிட்ட இங்கிலீஷ்ல ஒப்பிச்சேன். பெயெயு கணக்கு கேட்டுட்டு, அவங்க பாட்டி தாத்தாகிட்ட சொல்லும்போது கடைசியில யு யுன்னு கேட்டுக்கிட்டே இருக்கும், ஏன்னு இப்பதான் தெரியுதுன்னாரு. அந்த முநா, முனா மட்டும் அவருக்கு நம்பிக்கை வரல, அப்படி ரெண்டு சத்தமே இல்லைன்னு அடிச்சு சொல்றாரு. ஊர்ல அவங்க பெரியம்மா இருக்காங்க, எழுபத்தி சொச்சம், மொழி நல்லா வருமாம், அவங்களுக்கு மெசேஜ் போட்டு ரெண்டையும் சொல்லி வாய்ஸ் அனுப்பச் சொன்னாரு. எது முதல்ல எது ரெண்டாவதுன்னு சொல்லாம அனுப்புங்கன்னு நான்தான் சொன்னேன், இல்லன்னா காது ஏமாத்தும்.

நேத்து ராத்திரி வந்துச்சு. ஏழு செகண்ட். பின்னால ஏதோ கோழி கத்துது. அவரு ஆபீஸ் கேன்டீன்ல போனை மேசை மேல வச்சு போட்டாரு, மூணு தடவை போட்டாரு, ரெண்டும் ஒண்ணுதான்னாரு. நான் "முதல்ல சொன்னது பல்லு, அடுத்தது ஈறு"ன்னேன். அவரு பெரியம்மாகிட்ட கேட்டாரு. சரிதானாம்.

மனுஷன் அதுக்கப்புறம் சாப்பிடவே இல்ல, போனைக் காதுல வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப போட்டுக்கிட்டிருந்தாரு. நான் நாக்கை எங்க வைக்கணும்னு விரல வச்சு பல்லைக் காட்டிக்கிட்டிருந்தேன், பக்கத்து டேபிள்ல என்ன நினைச்சாங்களோ.

பெரியம்மா இப்ப பதிலுக்கு தமிழ்ல ஒரு வார்த்தை அனுப்பச் சொல்லியிருக்காங்க. வாழைப்பழம்தான் அனுப்பலாம்னு இருக்கேன், என் பையனை விட்டு சொல்ல வைக்கலாம்னா அவன் "வாலப்பலம்"ங்குறான். ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கேன்.